அடித்தல் திருத்தல்: தாளிலா, கணினியிலா?

மொரிஷியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிப்பவர்கள் கட்டுரை எழுதும்போது தடுமாறும் இடம் இது: முதல் வரைவைக் கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா?

வேகம்
தாள்: மெதுவாகத்தான் போகும். ஆனால் இங்கே பேசும் கிரியோல் மொழியில் யோசித்து வினைச்சொல்லை நடுவில் போட்டுவிடும் பழக்கம் எழுதும்போதே உறுத்தும்.
கணினி: வேகம்தான், விரல் பழகியிருந்தால்.

பிழை
தாள்: ண, ன குழப்பம் உங்களுடையது மட்டுமே.
கணினி: 'vali' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 'வழி' வரவேண்டிய இடத்தில் 'வலி' வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சரியான சொல், பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையில் ழ, ல இரண்டுக்கும் தனித்தனி விசை, இந்தத் தொல்லை குறைவு.

திருத்தம்
தாள்: ஒரு வரி விட்டு ஒரு வரி, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் 4 செ.மீ. விடுங்கள். பத்தி இடம் மாறவேண்டுமா? கத்தரியால் வெட்டி ஒட்டலாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தால்தான் முடியும்.
கணினி: பத்தியை நகர்த்துவது நொடி வேலை. ஆபத்தும் அதுதான். நகர்ந்த பத்தியில் 'மேற்சொன்ன' என்பது எதையும் சுட்டாமல் தொங்கும். வெட்டும் முன் 'வரைவு 2' என்று தனிக்கோப்பாகச் சேமியுங்கள்.

மின்சாரம்: புயல் காலத்தில் தாளுக்கே வெற்றி.

தேர்வுக்குப் பழகுபவர்கள் தாளிலேயே எழுதட்டும். வீட்டில் செய்து ஒப்படைக்கும் நீண்ட கட்டுரைக்குக் கணினி. ஆனால் கடைசித் திருத்தத்தை மட்டும் அச்சிட்டு, வாய்விட்டுப் படித்துச் செய்யுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.