தக்கலைப் பக்கம் வாங்கிய செக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு: சரக்கு நல்லது, அளவுதான் முக்கியம்

தக்கலைப் பக்கம் ஒரு செக்கில் தேங்காய்ப் பிண்ணாக்கு வாங்கி மூன்று மாதமாக எங்கள் இரண்டு கறவைகளுக்கும் போட்டு வருகிறேன். சரக்கில் குறை இல்லை. சாக்கைப் பிரித்தாலே புதுக் கொப்பரை வாசம், கட்டியை நொறுக்கினால் விரலெல்லாம் எண்ணெய், மண்ணோ உமியோ கலக்கவில்லை. ஊறப்போட்டால் வாளியில் எண்ணெய்ப் படலம் மிதக்கும், மாடு அடிவரை நக்கிவிடும்.

கடையில் சொன்ன யோசனைதான் தப்பு. "எண்ணெய் நிறைய இருக்கு, தாராளமா போடுங்க, பால்ல கொழுப்பு ஏறும்" என்றார்கள். நானும் நம்பி ஒரு மாட்டுக்கு நாளைக்கு 3 கிலோ வரை கொண்டுபோய்விட்டேன், அதோடு வழக்கமான 2 கிலோ அரிசித் தவிடு. பத்து நாளில் ஜெர்சி கலப்பு மாடு வைக்கோலை மிச்சம் வைத்தது, அசை போடுவது குறைந்தது, சாணி இளகியது. பால் சங்கத்தில் 4.2 சதவீதம் காட்டிய பால் கொழுப்பு 3.5-க்கு இறங்கிவிட்டது. ஒரு கை சாணியைப் பழைய சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினேன். விரல்கணு நீளத்துக்கு வைக்கோல் துண்டுகள், மஞ்சள் நிறம்கூட மாறாமல் கிடந்தன. நாஞ்சில் நாட்டு வயலில் காசு கொடுத்து வாங்கிய வைக்கோல், பாதி அப்படியே வெளியே வந்தால் வயிறு எரியாதா?

கால்நடை மருத்துவர் விளக்கினார். வைக்கோலின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை, பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. எண்ணெய் அதிகமானால் நாரின் மேல் படிந்து அவற்றை ஒட்டவிடாது, கொழுப்பு அமிலங்கள் அந்த உயிர்களையே ஒடுக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், அது இந்த விஷயத்தில் இன்னும் கடுமை. நார் செரித்தால் கிடைக்கும் அசிடேட் என்ற சத்திலிருந்துதான் பால் கொழுப்பில் கணிசமான பங்கு உருவாகிறது, அது குறைந்ததால் கொழுப்பும் இறங்கியிருக்கிறது.

அப்புறம் கணக்குப் போட்டோம். செக்குப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 12 பங்கு எண்ணெய் என்று வைத்தாலும் 3 கிலோவில் 360 கிராம். எண்ணெய் எடுக்காத தவிட்டில் 13 என்றால் 2 கிலோவில் 260. வைக்கோல், புல்லில் உள்ளதையும் சேர்த்தால் 700 கிராமைத் தாண்டுகிறது. ஈரம் போக நாளைக்கு 10 கிலோ தின்னும் மாட்டுக்கு மொத்தக் கொழுப்பு நூற்றுக்கு 6 அல்லது 7 பங்குக்குள், அதாவது 600, 700 கிராமுக்குள் நிற்க வேண்டும்.

பிண்ணாக்கை ஒரே நாளில் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக 1 கிலோவுக்கு இறக்கினேன், தவிட்டையும் பாதியாக்கினேன், பசும்புல் கூட்டினேன். மூன்று வாரத்தில் சாணி கெட்டியானது, சல்லடையில் பொடி நார்தான் தேங்கியது, சங்கத்தில் கொழுப்பு 4-க்கு மேல் வந்தது. கறவைக்குக் கூடுதல் தெம்பு வேண்டுமானால் பெருவயிற்றில் கரையாத, கால்சியத்தோடு சேர்த்த கொழுப்பு (கால்சியம் சோப்பு என்பார்கள், குளிக்கிற சோப்பு இல்லை) கிடைக்கிறது, மருத்துவரிடம் அளவு கேட்டுப் போடுங்கள்.

தரத்துக்கு 5-க்கு 4, யோசனைக்கு 1. நான் இன்னும் அங்கேதான் வாங்குகிறேன். எண்ணெய் நிற்பதால் சீக்கிரம் காறிவிடும், நம்ம ஊர் மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.