பஞ்சாரமா, கதவா, இருட்டா: ஊர்சுற்றும் கோழியைப் பிடிக்க எது தோது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் புறாவும் அணிலும்தான் குடித்தனம். போன தையில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோழியும் குடிவந்தது. செவலை நிறம், சிறுவிடை என்கிற சின்ன நாட்டு ரகம், ஒற்றைக் கண்ணால் நம்மை அளந்துகொண்டே அடுத்த காலை எடுத்துவைக்கும். நாலு நாள் ஆகியும் யாரும் தேடி வரவில்லை. தெருநாய்கள்தான் தேடி வந்தன.

சரி, பிடித்து எங்காவது சேர்த்துவிடலாம் என்றதும் ஆளுக்கொரு யோசனை. எதிர்வீட்டு ஆச்சி, கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையான பஞ்சாரம் என்றார். வாட்ச்மேன் அண்ணன் வலை என்றார். தெருப் பையன்கள் யோசனையே சொல்லவில்லை, நேரே துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பது நாளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கோழி எங்கே மேய்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம். ராத்திரி எங்கே போய் அடைகிறது என்பதைப் பார்த்திருந்தால் எனக்கு ஏழு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஒரு சங்கதி. கையை நீட்டுவதற்கு முன் அதன் காலைப் பாருங்கள். வளர்ப்பவர்கள் காலில் துணி கட்டியிருப்பார்கள், இறகில் சாயம் தடவியிருப்பார்கள், சிலர் விரல் நகத்தை வெட்டி அடையாளம் வைத்திருப்பார்கள். அப்படி ஏதாவது இருந்தால் டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும், ஆள் வந்துவிடும். கோயில் பக்கம் திரிகிற சேவல் என்றால் கையை வைக்கவே வேண்டாம். முருகனுக்குச் சேவலைக் காணிக்கை விடுகிற வழக்கம் உள்ள நாடு இது. குன்றக்குடி மலையடிவாரத்தில் நிற்கிற சேவலைக் காப்பாற்றப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

பெட்டையாக இருந்தால் அடையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடைக்கோழி நாளுக்கு ஓரிரு தடவைதான் வெளியே வரும், அவசர அவசரமாகக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டு வந்த வழியே ஓடிவிடும். அப்படிப்பட்டதைத் தனியாகத் தூக்கிவந்தால் எங்கேயோ முட்டைகள் குளிர்ந்துபோகும். 21 நாள் அடை முடிந்து குஞ்சோடு வெளியே வந்தபிறகு மொத்தமாகப் பிடிப்பது சுலபம். குஞ்சு பறக்கிற வயது வரும்வரை தாயும் தரையில்தான் படுக்கும்.

துரத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பையன்கள், ஒரு கோழி, ஊருணிக் கரைவரை ஓட்டம். ஒருவனுக்கு முழங்கால் பெயர்ந்தது. கோழிக்கு வாய் பிளந்து இரைத்தது. அதற்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் துரத்தினால் பிடிபடுவதற்கு முன்பே செத்துவிழலாம். போதாததற்கு, அன்று துரத்தியதால் அடுத்த இரண்டு நாள் எங்கள் முகம் தெரிந்தாலே ஓடியது. வலையும் இதே கதைதான். கால் நகம் கண்ணியில் சிக்கும், உதறும், இறக்கை முறியும். நாய் வாயிலிருந்து மீட்கிற அவசரம் என்றால் பெரிய துண்டு ஒன்றை மேலே போட்டு அமுக்குங்கள். துண்டுக்குள் இருட்டானதும் அதுவே அடங்கிவிடும்.

பஞ்சாரம் பழைய வழி, பார்க்க அழகான வழியும்கூட. மூங்கில் பஞ்சாரத்தின் ஒரு விளிம்பை ஒரு சாண் குச்சியால் முட்டுக்கொடுத்து, குச்சியில் கயிறு கட்டி, உள்ளே குருணையைத் தூவிவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியது. குருணைக்கு இங்கே பஞ்சமில்லை, பக்கத்துப் புதுவயல் முழுக்க அரிசி ஆலைகள்தான். ஆச்சி பழைய ஓலைக் கொட்டான் ஒன்றில் கொண்டுவந்து கொடுத்தார். கோழி வந்தது. கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிக் கொத்தியது, உடம்பு வெளியே. இப்போது கயிற்றை இழுத்தால் விளிம்பு கழுத்தில் விழும், அதனால் இழுக்கக் கூடாது. காத்திருந்தேன். மறுநாள் பாதி உடம்பு. மூன்றாம் நாள் முழுசாக உள்ளே போனது, இழுத்தேன், குச்சி சரிந்த சத்தத்தில் கூடை தரையைத் தொடுவதற்குள் அது வெளியே நின்றது. அதற்கப்புறம் பஞ்சாரத்தைச் சுற்றி ஒரு கெஜ தூரத்தில் விழுந்த அரிசியை மட்டும் பொறுக்கியது. பழக்கப்பட்ட வீட்டுக் கோழிக்குப் பஞ்சாரம் போதும். காட்டுப்போக்கில் ஒரு வாரம் பிழைத்த கோழிக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். அதில் தவறினால் பொறி செத்தது.

கதவு வழி இதைவிட மேல், பொறுமை மட்டும் வேண்டும். நம் வீடுகளின் அமைப்பே இதற்குத் தோது: நடுவில் வளவு என்கிற முற்றம், சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், பத்தியில் வரிசையாக அறைகள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே கொட்டானைத் தட்டி, ஒரே இடத்தில் குருணை போடுங்கள். நாளுக்கு நாலடி உள்ளே நகர்த்துங்கள். நாலைந்து நாளில் அறைக்குள் வந்து தின்னும். அப்போதும் முதல் தடவையிலேயே கதவைச் சாத்தாமல் ஒருநாள் நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போக விடுங்கள். சாத்தியபிறகு ஜன்னலையும் மூடி இருட்டாக்கி, கால்மணி நேரம் கழித்து நுழைந்தால் மூலையில் ஒண்டி நிற்கும். இதில் குறை இரண்டு. நாட்கணக்கில் ஆகும்; அதுவரை நாய், கீரி, மரநாய் இவற்றுக்கு நாம் தடை சொல்ல முடியாது. இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழவென்று இருக்கும். பயந்து ஓடும்போது கோழி கால் வழுக்கி விழும், நாமும்தான். ஒரு சாக்கை விரித்துவிடுங்கள்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது இருட்டு. கோழிக்குப் பகலில் நிறம் பிரித்துப் பார்க்கிற கண். மங்கலில் சரியாகத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் உயரமாக ஓர் இடம் பார்த்து ஏறி உட்கார்ந்துவிடும், தினமும் அதே இடத்துக்குத்தான் வரும். வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கே உள்ளே போய்த் தூணோடு தூணாக நின்றேன். ஓட்டுச் சந்து வழியாக வந்தது. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் துணி உலர்த்தக் கட்டியிருந்த கம்பில் ஏறி, இரண்டு தரம் இடம் மாற்றி, இறகை உதறி, கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. ஏழரை வரை அசையவில்லை, நானும்தான். கொசுக்கடி மட்டும் கணக்கில் வராது.

டார்ச் முகத்தில் துண்டைச் சுற்றி, தரையைப் பார்த்து ஒளியை அடித்து, முக்காலி போட்டு ஏறினேன். பின்பக்கமாக வந்து இரண்டு உள்ளங்கையையும் இறக்கைமேல் வைத்து உடம்போடு சேர்த்துப் பிடித்தேன். 'க்ர்ர்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். கைக்குள் அது அத்தனை சூடாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை; கோழிக்கு 41 டிகிரிக்கு மேல் இருப்பது இயல்பு, காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம்.

இருட்டு வழி எட்டுகிற உயரத்துக்கு மட்டும்தான். புளியமரத்து உச்சியில் அடைகிற கோழிக்கு ஏணி சாத்தாதீர்கள், கதவு வழிக்கே போங்கள். லாரியிலிருந்து விழுந்த வெள்ளை பிராய்லருக்கு இத்தனை ஆராய்ச்சியே வேண்டாம். உடம்புக் கனத்தில் அதனால் ஓடவும் முடியாது, ஏறவும் முடியாது. குனிந்து எடுக்கலாம்.

பிடித்தபின் மார்பை இறுக்காதீர்கள். நம்மைப் போலக் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் குடல் பாரமெல்லாம் காற்றுப்பைகள்மேல் இறங்கும். அப்படி வேதனைப்படுத்தித் தூக்கிப்போவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை, அதாவது கோழி விலையில் ஒரு கால்கூடத் தேறாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிதான் சரி. கொண்டுபோவது காலையிலோ மாலையிலோ இருக்கட்டும்.

அடுத்தது எங்கே சேர்ப்பது. செட்டிநாட்டில் கோழிக்கு வீடு தேடுகிறேன் என்று சொன்னால் ஜனம் உங்களை ஒரு மாதிரி பார்க்கும். "மசாலா அரைச்சாச்சா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். சந்தையில் கொடுத்தால் காசு வரும், இரண்டு கை மாறி அடுப்புக்குப் போகும். அதில் ஆட்சேபம் இல்லாதவர்கள் சந்தைக்கே போகலாம், நான் போகவில்லை. செட்டிநாடு கால்நடைப் பண்ணையில் விட்டுவிடலாமே என்றார் ஒருவர். அரசுப் பண்ணை இருப்பது உண்மை. ஆனால் வெளிக்கோழியை உள்ளே விடாதிருப்பதுதான் எந்தப் பண்ணைக்கும் முதல் காவல். நாமே வளர்க்கலாம், ஒற்றைக் கோழி ஏங்கும், இன்னும் இரண்டு வாங்க வேண்டி வரும், கூடு கட்ட வேண்டி வரும்.

நான் தேர்ந்தெடுத்தது ஏற்கனவே கோழி வளர்க்கிற வீடு. எங்களுக்குப் பால் ஊற்றுகிற அக்காவிடம் ஏழெட்டுக் கோழிகள் உண்டு. முட்டைக்காக வளர்ப்பவர். கொடுக்கும்போது இரண்டு நிபந்தனை சொன்னேன். மூன்று வாரம் தனிக்கூடு, தனித் தண்ணீர். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு கோழியோடு வந்தால் மந்தையையே துடைத்துக்கொண்டு போய்விடும். எச்சம் பச்சையாகப் போனாலோ கழுத்து திருகினாலோ உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல். "தெரியும் தம்பி, நான் ரெண்டு தரம் பட்டவ" என்றார். இறக்கைக்கடியில் பேன் இருக்கிறதா என்று அங்கேயே விரித்துப் பார்த்தார், இருந்தது, ஒரு சட்டி அடுப்புச் சாம்பலைக் கூட்டுக்குள் கொட்டினார். மூன்று வாரம் கழித்து வெளியே விட்டபோது அது தன் பழைய வீட்டைத் தேடி வரவில்லை. இரண்டாம் நாளே விட்டிருந்தால் வந்திருக்கும்.

பெட்டை என்பதால்தான் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது. சேவலை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒரு மந்தைக்கு ஒன்று போதும், இரண்டாவது வந்தால் ரத்தக்களரி. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், போன வாரம் அதே பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து விடிகாலை நாலரைக்குக் கூவல் கேட்டது. ஆறு வீடு கேட்டுவிட்டேன், ஒருவரும் சரி சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆச்சி மட்டும் மிளகு வறுத்து வைத்திருக்கிறாராம்.