செல்லை எடை போட்டு வாங்கிய டார்ச்

எது வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கான்வாய் எஸ்2 ப்ளஸ் என்ற சின்ன டார்ச், அதற்குள் போட 18650 அளவில் பாதுகாப்புச் சுற்று உள்ள லித்தியம் செல் இரண்டு, செல்லை வெளியே எடுத்து சார்ஜ் போட இரண்டு குழி சார்ஜர் ஒன்று. எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. ஒரு டார்ச் லைட்டுக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள், கேட்டது நியாயம்தான், ஏனென்றால் அதற்கு முன் 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வைத்திருந்தோம், பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது இங்கே கடலூரில் எங்கள் தெருவுக்கு சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. வீட்டில் இரண்டு டார்ச் இருந்தன. ஒன்று சுவரில் நேராகச் செருகி சார்ஜ் போடும் பழைய பிளாஸ்டிக் டார்ச், உள்ளே இருப்பது லித்தியம் அல்ல, சின்ன லெட் ஆசிட் பேட்டரி. இந்த வகையை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தால் பேட்டரி செத்துவிடும், எங்களுடையது செத்திருந்தது. இன்னொன்று மூக்கை இழுத்தால் ஒளி குவியும் ஸூம் டார்ச். முதல் இருபது நிமிடம் பிரமாதமாக எரிந்து, அப்புறம் மங்கி, அரை மணிக்குள் மெழுகுவர்த்தி அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. நாணமேட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது போன் வெளிச்சத்தில்தான் போனோம், மழையில் நனையாமல் இருக்க போனைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அந்த போனில் சார்ஜ் தீர்ந்திருந்தால் யாரையும் கூப்பிடவும் வழி இருந்திருக்காது. அதற்கு அப்புறம்தான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததிலும் கழற்றிப் பார்த்ததிலும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாம் டார்ச்சைப் பார்த்து வாங்குகிறோம், உள்ளே இருக்கும் செல்லைப் பார்ப்பதே இல்லை. வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும், தீப்பிடிக்குமா பிடிக்காதா, நாலு வருடம் கழித்தும் உழைக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் செல்லில்தான் இருக்கிறது.

அந்த ஸூம் டார்ச்சையே எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கியது. அதன் செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று பெரிதாக அச்சடித்திருந்தது, எம்.ஏ.எச். என்பது செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்பதற்கான அளவு. 18650 என்ற எண்ணே அளவுதான், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதைக் காட்டும். இந்த அளவுக்குள் சாம்சங், எல்ஜி, பானசோனிக் போன்ற பெரிய கம்பெனிகளே வழக்கமாக 3500 எம்.ஏ.எச். பக்கம்தான் தருகிறார்கள். அதே குப்பியில் 9900 என்றால் அது பொய், அதில் விவாதமே இல்லை. எடையும் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். என்னுடையதை சமையலறைத் தராசில் வைத்தால் 29 கிராம். பின்னால் வாங்கிய சார்ஜரில் திறன் அளக்கும் வசதி இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்ததில் 870 எம்.ஏ.எச். வந்தது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புயல் ராத்திரியில் அரை மணிக்குள் மங்கிப்போனதற்குக் காரணம் இதுதான்.

வெளிச்சம் குறைந்தால்கூடப் பரவாயில்லை, எனக்குப் பயம் வேறு. இந்த மாதிரிச் செல்களில் பல, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்து எடுத்துப் புது உறை போட்டவை. லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. வடிய விட்டாலும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. அதற்குக் கீழே போய் நாளாகக் கிடந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்து, திரும்ப சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆக வழி இருக்கிறது. ஷார்ட் ஆனால் சூடு, சூட்டில் இன்னும் வேதிவினை, அதில் இன்னும் சூடு என்று ஒன்றை ஒன்று தூக்கிவிட்டு, நெருப்பும் புகையும் சீறிக்கொண்டு வரும். இரும்புக் குழாய் போல் மூடிய டார்ச்சுக்குள் இது நடந்தால் வெடிப்பதற்குச் சமம். 350 ரூபாய் டார்ச்சின் சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிறுத்தும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. எங்கள் வீட்டில் அதை ராத்திரி முழுக்க தலைமாட்டில் சார்ஜில் போட்டிருக்கிறோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. காலையில் தொட்டால் சுடும், அது சாதாரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாதாரணம் இல்லை.

செல்லை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். "அண்ணே, தராசு இருந்தா செல்லை எடை போட்டுப் பார்க்கலாமா?" என்று தயங்கித்தான் கேட்டேன். "தாராளமா பாரு தம்பி, எடைக்கு பயப்படுற சரக்கு நான் வைக்கிறதில்ல" என்று பக்கத்து மளிகைக் கடையிலிருந்து தராசையே வாங்கிவந்து வைத்தார். 49 கிராம். உறையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தன. இந்தப் பதிவு நம் நாட்டில் கட்டாயம், அந்த ஆர் எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும், நான் கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இப்படிக் கேட்டால் கோபப்படுகிற கடையில் நான் இனிமேல் செல் வாங்கமாட்டேன்.

பாதுகாப்புச் சுற்று என்று சொன்னேனே, அது செல்லின் அடியில் ஒட்டிய நாணயம் அளவுள்ள ஒரு சின்ன போர்டு. சார்ஜ் எல்லை மீறினாலும், ஒரேயடியாக வடிந்தாலும், ஷார்ட் ஆனாலும் அது தொடர்பை வெட்டிவிடும். இதனால் செல் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடும், என் டார்ச்சில் மூடி இறுக்கமாகத்தான் திருகுகிறது. விலையும் கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் வீட்டில் பலர் கை படும் டார்ச்சுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டு மூன்று லித்தியம் செல்லை வரிசையாகப் போடும் பெரிய டார்ச்சுகள் வேண்டாம். அதில் ஒரு செல் பழசாகி முன்னதாகத் தீர்ந்துவிட்டால் மற்றது அதைத் தலைகீழாக வடியவைக்கும், அது ஆபத்து. ஒற்றைச் செல் டார்ச்சில் இந்தத் தொல்லையே கிடையாது.

சரி, டார்ச்சுக்கு வருகிறேன். அலுமினிய உடம்பு, நடுவிரலைப் போல ஒன்றரை மடங்கு நீளம், வால் பக்கம் அழுத்தும் பொத்தான். வெள்ளை வெளேரென்ற ஒளி, மஞ்சள் சாய்ந்த ஒளி என்று வெவ்வேறு எல்.ஈ.டி.யோடு விற்கிறார்கள், நான் மஞ்சள் சாய்ந்ததை எடுத்தேன். என் கண்ணுக்கு மழையில் அதுதான் தேவலை, வெள்ளை ஒளியில் மழைத்துளிகளே கண்ணைக் கூசவைக்கின்றன. சகதியில் கிடக்கும் குச்சியையும் பாம்பையும் பிரித்துப் பார்க்கவும் இது உதவுகிறது. இதன் ஒளி ஸூம் டார்ச் மாதிரி ஒரு வட்டமாகக் குறுகாமல், நடுவில் பலமாகவும் சுற்றிலும் மெல்லியதாகவும் விழும். நடந்து போகிறவருக்கு காலடியும் தெரிய வேண்டும், பக்கவாட்டும் தெரிய வேண்டும். தென்னை உச்சியைப் பார்க்கவும் தூரத்துப் படகைப் பார்க்கவும் மட்டும்தான் குவிந்த ஒளி தேவை.

அட்டைப்பெட்டியில் இரண்டு கிலோமீட்டர் அடிக்கும் என்று போட்டிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்.எல்.1 என்று டார்ச்சுகளுக்கு ஒரு அளவுமுறை இருக்கிறது. அதில் தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறைகிற இடம், கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். எரியும் நேரம் என்பது ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் வரை. ஆக, ஒழுங்கான கம்பெனி 200 மீட்டர் என்று எழுதினால்கூட அந்தத் தூரத்தில் ஆள் முகம் தெரியாது, அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். இந்த முறையே இல்லாமல் எழுதுகிறவர்களின் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நேரக் கணக்கை நாமே போடலாம். என்னுடையது முழு வெளிச்சத்தில் 2.8 ஆம்பியர் இழுக்கும் வகை. செல் 3500 எம்.ஏ.எச்., அதாவது 3.5 ஆம்பியர் மணி. வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். பத்து சதவீத வெளிச்சத்தில் பன்னிரண்டு மணி நேரம் வர வேண்டும், நான் எரியவிட்டுப் பார்த்ததில் பதினொன்றுக்கு மேல் வந்தது. வீட்டுக்குள் சாப்பிட, மாடிப்படி ஏற, கொல்லைப்புறம் போய்வர அந்தப் பத்து சதவீதமே தாராளம். டார்ச்சை நிமிர்த்தி வைத்து ஒளியைக் கூரையில் அடித்தால் கூடம் முழுக்க வெளிச்சம் பரவும்.

குறைகள் இருக்கின்றன. முழு வெளிச்சத்தில் சில நிமிடத்தில் உடம்பு நன்றாகச் சூடாகிறது, சின்ன டார்ச் என்பதால் சூடு போக இடமில்லை. பொத்தானை அரை அழுத்து அழுத்தி வெளிச்சத்தை மாற்ற வேண்டும், என் அம்மாவுக்கு இது கடைசி வரை கைவரவில்லை. பைக்குள் தானாக எரிந்துவிட்டது ஒருமுறை, அதிலிருந்து வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தித்தான் பையில் வைக்கிறேன், தளர்த்தினால் தொடர்பு அறுந்துவிடும். டார்ச்சிலேயே சார்ஜ் போடும் வசதி நான் வாங்கியதில் இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை, செல்லை வெளியே வைத்து சார்ஜ் போட்டால் சூட்டையும் பார்க்கலாம், உறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். டைப் சி துளை உள்ள டார்ச் வேண்டுமென்றால், கடையிலேயே இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளைச் செருகி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு டார்ச்சுகள் பலவற்றில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், புதிய போன் சார்ஜரில் போட்டால் ஏறாது, பழைய சதுர முனை கேபிளில் மட்டும்தான் ஏறும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தேவனாம்பட்டினத்தில் ராத்திரி வலை இழுப்பவர்கள் டார்ச்சில் முதலில் போவது ஸ்பிரிங்தான், உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் மரையையும் உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் வளையத்துக்குத் துளி சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். டார்ச் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதைக் காட்டும் எண்களில் ஐ.பி.எக்ஸ்.4 என்பது மழைச்சாரலுக்கு மட்டும்தான் தாங்கும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்குவது ஐ.பி.எக்ஸ்.7. வெள்ளத்தில் ஊறிய செல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது செல்லைக் கண் பார்வையில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறோம், சிமெண்ட் மேடை மேல், மெத்தைக்கும் துணிக்கும் தள்ளி. தூங்கப் போகும் முன் கழற்றிவிடுகிறோம். உபரிச் செல் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, சாவியோடோ சில்லறையோடோ பையில் போட்டால் ஷார்ட் ஆகும். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், மேலே ப்ளஸ், இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உறைதான். அது கிழிந்தால் அந்தச் செல்லை உபயோகிப்பதில்லை. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டி டிக்கியிலும் வைப்பதில்லை. ஐப்பசி பிறந்தால் முழு சார்ஜ், கோடையில் பாதி சார்ஜில் வைத்தால் செல்லுக்கு ஆயுள் கூடும்.

அம்மாவுக்கு வேறு டார்ச் வாங்கினேன், இரண்டு பென்சில் செல் போடும் சாதாரண எல்.ஈ.டி. டார்ச், ஒரே பொத்தான். அதில் சார்ஜ் போடும் நிக்கல் செல் இருக்கிறது, 1.2 வோல்ட், லித்தியம் மாதிரி சீறாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் மூன்று கட்டை டார்ச்தான், பெட்டிக்கடையில் கட்டை கிடைத்துக்கொண்டே இருந்தது. சார்ஜ் போடவே வழியில்லாத நாளுக்கு இப்படி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், எந்த லித்தியம் டார்ச்சும் அதற்கு ஈடில்லை. 14500 என்று பென்சில் செல் அளவிலேயே ஒரு லித்தியம் செல் வருகிறது, அது 3.7 வோல்ட். தெரியாமல் அதை இந்த டார்ச்சிலோ ரிமோட்டிலோ போட்டால் கருகிவிடும், அதனால் அதை நான் வீட்டுக்குள் வாங்கவே இல்லை.

அந்த 29 கிராம் செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி வைத்திருந்து, பழைய பேட்டரி எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட்டேன். குப்பை வண்டியில் போட்டிருந்தால் நசுங்கும்போது அங்கே வேலை செய்கிறவர் கையில்தான் பற்றியிருக்கும்.