டர்பைன் கூடமா, டிரம் ஆலையா?

மூடிப்போன ஆலையை மக்கள் வந்து போகும் கலைக்கூடமாக மாற்ற இரண்டு வழிகளைப் பார்ப்போம், எது மேல்? லண்டனின் பேங்க்சைடு மின் நிலையம் எண்ணெயில் ஓடியது. எண்ணெய் விலை ஏறியதும் கட்டுப்படியாகாமல் 1981-இல் மூடினார்கள். அப்புறம் பல வருடம் சும்மா கிடந்த கட்டடம், 2000-இல் டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகமானது. ஹெர்சாக், டி மியூரான் என்ற கட்டடக் கலைஞர்கள் டர்பைன் இருந்த கூடத்தை மாடி மாடியாகத் தடுக்காமல் காலியாகவே விட்டார்கள். 152 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். இவ்வளவு இடத்தை வீணடிக்கலாமா என்று தோன்றும். 2003-இல் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் அங்கே செயற்கைச் சூரியன் ஒன்றை அமைத்து, மேற்கூரை முழுக்கக் கண்ணாடி பதித்தார். வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, மேலே எறும்பு போலத் தெரிந்த தங்களையே தேடிக்கொண்டிருந்தார்கள். சின்ன அறையில் இது நடக்காது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் செஸ்க் என்ற அமைப்பு நடத்தும் கலை, விளையாட்டு மையம் செஸ்க் பொம்பேயா. முன்பு அது டிரம், அதாவது பீப்பாய் செய்யும் தொழிற்சாலை. அதை மாற்றியமைத்த கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி முதல்முறை போனபோது கட்டடத்தைத்தான் ரசித்தார். மறுபடி ஒரு சனிக்கிழமை போனால், உள்ளே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், குடும்பங்கள் சமைத்துச் சாப்பிடுகின்றன, பொம்மலாட்டம் நடக்கிறது. இது இப்படியே தொடர வேண்டும் என்று முடிவெடுத்தார். சுவர்ப்பூச்சைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டினார். பெரிய கூடத்தின் நடுவே ஆழமில்லாத ஓடை, பக்கத்தில் கணப்பு. நூலகம், மட்பாண்டப் பட்டறை, நாடக அரங்கு எல்லாம் வந்தன. ஆலைப் பகுதி 1982-இல் திறந்தது. நீச்சல் குளமும் விளையாட்டுக் கூடங்களும் உள்ள கான்கிரீட் கோபுரங்கள் 1986-இல் சேர்ந்தன. அரங்கின் மர இருக்கைகளில் மெத்தை கிடையாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தாராம். இதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை.

மற்றபடி என் ஓட்டு பொம்பேயாவுக்குத்தான். டேட்டுக்கு ஓவியம் பார்க்கப் போகிறோம், பார்த்ததும் கிளம்புகிறோம். இங்கே நீந்த வந்தவர் கணப்போரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், போகிற போக்கில் கண்காட்சியையும் எட்டிப் பார்க்கிறார்.

சரி, பணம்? டேட்டுக்கு அரசு மானியம், நன்கொடை, சிறப்புக் கண்காட்சி டிக்கெட் என்று பல வழி. செஸ்க் அமைப்புக்கு வணிக, சேவை நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தைக் கட்டாயமாகச் செலுத்துகின்றன. இப்படி ஒரு நிரந்தர வரவு இல்லாத ஊரில் பொம்பேயாவைக் காப்பியடித்தால், மட்பாண்டச் சூளைக்கு விறகு வாங்கவே திண்டாட்டமாகிவிடும். அந்த ஊருக்கு டேட் வழிதான் தோது.