கார்மின் வேரியா ஆர்டிஎல் 515: சிவப்பை நம்பலாம், பச்சையை நம்பக் கூடாது

சைக்கிளில் போகிறவர் பின்னால் வரும் வண்டியைப் பெரும்பாலும் காதால்தான் கணிக்கிறார். வேகம் 30 கி.மீ.யை நெருங்கினால் காதோரம் இரையும் காற்று அந்தக் கணிப்பைக் கெடுத்துவிடும். எதிர்க்காற்று அடித்தால் 20 கி.மீ. வேகத்திலேயே கெடும். மின்சாரக் கார்களோ மெதுவாக வரும்போது அதிகம் சத்தம் காட்டுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் பின்பக்க ரேடார். ஐகுபு என்ற சுவீடன் நிறுவனம் உருவாக்கிய நுட்பத்தை, ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் 2015இல் வாங்கிக்கொண்டது. அதை வைத்துக் கார்மின் கொண்டுவந்த வேரியா வரிசையில் 2020இல் வெளிவந்த மாடல் ஆர்டிஎல் 515. டெயில் லைட், ரேடார் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. எடை 71 கிராம்.

பின்னால் 140 மீட்டர் தொலைவு வரை நெருங்கிவரும் வண்டிகளை இது கண்டுபிடித்து, ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கம்ப்யூட்டருக்கோ (வேகம், தூரம் காட்டும் சிறு திரை), கைக்கடிகாரத்துக்கோ, வேரியா செயலி இருக்கும் போனுக்கோ தகவல் அனுப்பும். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தெரியும். பட்டையின் உச்சி நீங்கள். கீழிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி. ஒரே நேரத்தில் 8 வண்டிகள் வரை காட்டும். யாரும் இல்லையென்றால் பச்சை, வண்டி நெருங்கினால் மஞ்சள், மிக வேகமாக நெருங்கினால் சிவப்பு. கூடவே பீப் ஒலியும் உண்டு.

140 மீட்டர் நடைமுறையில் எவ்வளவு அவகாசம் தரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், கார் 60இல் வருகிறது என்றால் இடைவெளி மணிக்கு 35 கி.மீ. வீதம் குறையும், ஏறக்குறைய 14 வினாடி கிடைக்கும். கார் 90இல் வந்தால் 8 வினாடிக்கும் குறைவு. மோட்டார் சைக்கிள் போன்ற சிறிய வண்டிகள் ரேடார் அலையைக் குறைவாகவே திருப்பியனுப்பும் என்பதால், அவை இன்னும் கிட்டே வந்த பிறகே புள்ளியாகத் தெரியும். ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, நேர்கோட்டில் நிலைத்து நிற்க 8 வினாடி தாராளம். குழியைச் சுற்றிப் போகலாமா, வேண்டாமா என்று அதற்குள் முடிவெடுத்து நகர்வதற்குப் போதாது.

இந்தக் கருவி எதைப் பார்க்காது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இது அளப்பது உங்களுக்கும் பின்னால் இருக்கும் வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் இல்லாமல் போனால் வண்டியும் திரையிலிருந்து மறைந்துவிடும். பொறுமையான ஓட்டுநர் ஒருவர் கடந்து போக இடமில்லாமல் உங்கள் வேகத்துக்கே குறைத்துக்கொண்டு பின்னால் வருகிறார் என்று வையுங்கள். அவர் இருப்பது 10 மீட்டர் தூரத்தில். திரையோ பச்சை காட்டும். புதிதாக வாங்கியவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். புள்ளி உச்சி வரை ஏறி, வண்டி உங்களைக் கடந்து போவதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த வண்டி போய்விட்டது என்று பொருள். பாதி தூரம் ஏறி மறைந்த புள்ளி இன்னும் உங்கள் பின்னால்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் பின்னால் வந்து நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிவரும் கார் இன்னொரு சிக்கல். லாரியின் உடம்பு ரேடார் அலையை மறைப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு புள்ளிதான் தெரியும். லாரி கடந்ததும் நிம்மதியாக நடுவே நகர்ந்தால், அதன் வாலைப் பிடித்து வந்த கார் தோளருகே இருக்கும். நீளமான டிரெய்லர் வண்டிக்கும் ஒரே புள்ளிதான். அதன் நீளம் திரையில் தெரியாது. முன்பகுதி உங்களைத் தாண்டியதுமே சில ஓட்டுநர்கள் ஓரத்துக்கு ஒடிப்பார்கள். பின் சக்கரங்கள் அப்போதுதான் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கும். டிரெய்லரின் கடைசி சக்கரம் போகும்வரை கைகள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். வளைவிலும் மேடு ஏறி இறங்கும் இடத்திலும் 140 மீட்டர் என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. நேர்ப்பார்வையில் எவ்வளவு சாலை இருக்கிறதோ அவ்வளவுதான் ரேடாருக்கும் எட்டும்.

இதற்கு நேர்மாறாக, சிவப்புப் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பக்கத்து இணைச்சாலையில் போகும் வண்டியைச் சில நேரம் உங்கள் பின்னால் வருவதாகக் காட்டும்; அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. எதிரே வந்து உங்களைத் தாண்டிப்போகும் வண்டிகளை இது கணக்கில் எடுக்காது, ஏனென்றால் அவை விலகிப் போகின்றன. ஆகவே எச்சரிக்கை வந்தால் அதை நம்புங்கள். வரவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு பாதை மாறாதீர்கள்.

பொருத்துவதில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பிறகு "ரேடார் சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சீட் போஸ்ட்டின், அதாவது இருக்கையைத் தாங்கும் தண்டின், வடிவத்துக்கு ஏற்ற ரப்பர் அடித்தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, தாங்கியை ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். உருண்டையான போஸ்ட்டுக்கு ஒன்று, தட்டையான ஏரோ போஸ்ட்டுக்கு வேறு. தவறானதைப் போட்டால் கரடுமுரடான சாலையில் தாங்கி மெல்லச் சுழன்று ரேடார் பக்கவாட்டைப் பார்க்கத் தொடங்கும். பிறகு கருவியைத் தாங்கியில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். உயரம் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 120 செ.மீ. வரை போகலாம், முடிந்த அளவு மேலே வைப்பது நல்லது. முகம் சாலைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைக் கருவியின் முகத்தோடு ஒட்டிவைத்துச் சரிபாருங்கள். கீழ்நோக்கிச் சாய்ந்தால் அலை தரையில் மோதி வீணாகும்; மேல்நோக்கிச் சாய்ந்தால் தூரத்து வண்டிகள் தப்பிவிடும்.

கருவியின் முகத்துக்கு முன் எதுவும் தொங்கக் கூடாது. சேடிலின் (இருக்கையின்) அடியில் மாட்டும் பையின் பட்டை, கேரியரில் கட்டிய பை, மழைச்சட்டையின் நீண்ட பின்வால் எல்லாமே ரேடாரை மறைக்கும். குள்ளமானவர்களின் சைக்கிளில் சேடிலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே போஸ்ட் குறைவாகத்தான் வெளியே தெரியும். கருவியோ ஏறத்தாழ 10 செ.மீ. நீளம். அதனால் வாங்கும் முன் அளந்துபாருங்கள். கேரியர் வைத்த சைக்கிளில் கேரியரின் பின்முனையில் தனித் தாங்கி போட்டு மாட்டுவதே சரி.

விளக்கு நன்றாக இருக்கிறது. வெளிச்சத்தின் அளவு பகலில் மின்னும் நிலையில் 65 லூமன், இரவில் மின்னும் நிலையில் 29, அணையாமல் எரியும் நிலையில் 20, குழுவாகப் போகும்போது பயன்படுத்தும் மங்கலான நிலையில் 8. பேட்டரி முறையே 16, 6, 6, 8 மணி நேரம் நிற்கும் என்று கார்மின் சொல்கிறது. பகல் நிலைக்கு 16 மணி என்பது வியப்பாக இருக்கும். மின்னல்களுக்கு இடையே விளக்கு அணைந்திருக்கும் நேரம் அதிகம் என்பதால் அது முடிகிறது. வண்டி நெருங்கும்போது விளக்கு தானாகவே மின்னும் விதத்தை மாற்றிக்கொள்ளும். ஒரே தாளத்தில் மின்னும் விளக்கைவிடத் திடீரென்று மாறும் விளக்குதான் ஓட்டுநரின் கண்ணை இழுக்கும். எனவே இதன் மிக மதிப்புள்ள அம்சம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

இரவில் அணையாமல் எரியும் நிலையே மேல். இருட்டில் மின்னி மின்னி அணையும் ஒற்றைச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது ஓட்டுநருக்குக் கடினம். ஜெர்மனியில் சைக்கிளில் மின்னும் பின்விளக்குக்கு அனுமதியில்லை. அதற்காகவே மின்னாத ஆர்டிஎல் 516 என்ற மாடலைத் தனியாகச் செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களிலும் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

பீப் கேட்டதும் ஓரத்துக்கு ஒதுங்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும். நீங்கள் எவ்வளவு ஓரம் ஒதுங்குகிறீர்களோ, அதே தடத்துக்குள் நெருக்கிக் கடந்துவிடலாம் என்று ஓட்டுநருக்கு அவ்வளவு தைரியம் வரும். அதோடு குழி, மணல், கண்ணாடித் துண்டு எல்லாம் கிடப்பது ஓரத்தில்தான். சாலை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது விலகிய கோட்டில், நெளியாமல் போங்கள். நிறுத்திய கார்களின் வரிசையை ஒட்டிப் போனால் கதவு திறந்தாலும் தொடாத தூரம், அதாவது ஒன்றரை மீட்டர் வேண்டும். எச்சரிக்கை வந்தால் அந்தக் கோட்டிலேயே நிலையாக இருங்கள். முன்னால் தடை எதுவும் இல்லையென்றால் வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

முன்னால் நின்ற வண்டியோ குறுகலான பாலமோ இருந்தால் ரேடாரின் உண்மையான பயன் அப்போதுதான் தெரியும். 25 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் போகிறீர்கள். தடைக்கு 50, 60 மீட்டர் முன்பே திரையைப் பாருங்கள். புள்ளி இருந்தால், கடக்க விடுவதா அல்லது இப்போதே கை காட்டி நடுவே வருவதா என்று முடிவெடுக்க நேரம் இருக்கிறது. பச்சையாக இருந்தாலும் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், கை காட்டுங்கள், மெல்ல நகருங்கள். திரும்பிப் பார்ப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு: உங்கள் முகம் திரும்புவதைப் பார்த்த ஓட்டுநர் நீங்கள் நகரப் போகிறீர்கள் என்று புரிந்துகொள்வார். எந்த ரேடாராலும் அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது.

ஹேண்டில்பார் முனையில் மாட்டும் கண்ணாடியோடு சேர்த்துப் பயன்படுத்தினால்தான் இது முழுமையாகும். வண்டி வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை ரேடார் சொல்லும். அது லாரியா காரா, உங்களுக்கு இடம் விட்டு அடுத்த தடத்துக்கு விலகிவிட்டதா, உங்கள் கோட்டிலேயே வருகிறதா என்பதைக் கண்ணாடிதான் காட்டும். குவிந்த கண்ணாடியில் எல்லாம் உள்ளதைவிடத் தள்ளித் தெரியும். அந்தப் பிழையை ரேடாரின் புள்ளி திருத்தும். வண்டிகள் கடந்துபோகும் பக்கத்தில் கண்ணாடியை மாட்டுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முதலில் கண்ணாடி.

நெரிசலான நகரச் சாலைக்கு இந்த ரேடார் தேவையில்லை என்றே சொல்வோம். புள்ளிகள் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும், பீப் நிற்காது, இரண்டு நாளில் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். பிறகு வெளிச்சாலையிலும் அந்த ஒலிக்கு மரியாதை இருக்காது. நகருக்குள் ஒலியை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் விடுங்கள். சந்திப்புகளில் பக்கவாட்டில் இருந்து வரும் வண்டியையும், உங்களைக் கடந்த கையோடு குறுக்கே திரும்பும் வண்டியையும் இது தடுக்காது. நகருக்குள் கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றித்தான். வண்டிகள் இடைவெளி விட்டு வேகமாக வரும் இருவழிச் சாலைதான் இதற்கு ஏற்ற களம். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு எந்தச் சாலையிலும் பயன் உண்டு.

குழுவாகப் போனால் கடைசியில் வருபவரிடம் ஒன்று இருந்தால் போதும். நடுவில் இருப்பவரின் ரேடார், பின்னால் வரும் நண்பர் சற்று வேகம் கூட்டி நெருங்கும்போதெல்லாம் அவரையே வண்டி என்று காட்டும். அவருக்கு அப்பால் வரும் காரை அவர் உடம்பு மறைக்கவும் கூடும். கடைசி ஆள் "வண்டி!" என்று குரல் கொடுத்து, எத்தனை புள்ளி என்பதையும் சேர்த்துச் சொன்னால் முன்னால் இருப்பவர்கள் முதல் கார் கடந்ததும் அவசரப்பட்டு விலக மாட்டார்கள். குழுவில் பகல் மின்னல் நிலையைப் போட்டுக்கொண்டு வருவது பின்னால் வருபவரின் கண்ணுக்குச் செய்யும் கொடுமை. மங்கலான நிலை அதற்காகவே இருக்கிறது.

மழைக்குப் பயமில்லை, நீர்காப்புத் தரம் ஐபிஎக்ஸ் 7, அதாவது சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். முகத்தில் சேறு படிந்தால் துடைத்துவிடுங்கள். சார்ஜ் செய்யும் துளை இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி. போட்டியாக வந்த வாஹூ டிராக்கர் ரேடார் போன்றவற்றில் சி வகைத் துளை வந்துவிட்டது. ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்தி மூடாவிட்டால் நீர்காப்பு பேச்சளவில்தான். பேட்டரி தீர்ந்தால் ரேடாரும் விளக்கும் ஒன்றாகவே போய்விடும் என்பது இந்த இணைப்பின் பெரிய பலவீனம். பொழுது சாயும்வரை ஓட்டுபவர்கள் சின்னதாக இன்னொரு டெயில் லைட்டைச் சேடிலின் அடியில் மாட்டிக்கொள்வது கட்டாயம். போனை மட்டும் திரையாக வைத்துக்கொள்பவர்கள் இணைப்பு அறுபடுவதைக் கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம். புறப்பட்டதும் முதலில் கடக்கும் வண்டி புள்ளியாகத் தெரிந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே ஓட்டுங்கள். ஏற்கெனவே நல்ல டெயில் லைட் வைத்திருப்பவர்கள் விளக்கில்லாத ஆர்விஆர் 315 மாடலை எடுக்கலாம். ஆனால் வண்டி நெருங்கும்போது விளக்கு மாறும் அந்த அம்சம் அதில் கிடைக்காது.