மொத்தமாக பேட்டரி வாங்கலாமா? ஒரு பெரிய அல்கலைன் பெட்டியைப் பற்றி

டபுள் ஏ, டிரிபிள் ஏ இரண்டும் கலந்து வரும் பெரிய அல்கலைன் பெட்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு நான்காக வாங்குவதைவிட ஒரு செல்லுக்கு ஆகும் காசு நன்றாகவே குறைகிறது. அதனால் எல்லோரும் வாங்கலாம் என்று சொல்லிவிட முடியுமா என்றால், மாட்டேன். உங்கள் வீட்டில் செல் போட்டு ஓடும் சாமான்களை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு செல் போட்டால் வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம், ரிமோட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். இவற்றை மட்டும் நம்பிப் பெட்டி வாங்கினால் செல்கள் அலமாரியிலேயே கிடந்து வயதாகும். இன்னொரு பக்கம் மோட்டார் வைத்த பொம்மை, கேம் கன்ட்ரோலர், கேமரா ஃபிளாஷ் மாதிரி செல்லை விழுங்குகிற சாமான்கள். இவற்றுக்கு அல்கலைன் போடுவதே வீண்செலவு, ஏனென்றால் மெதுவாக இழுத்தால் 2,000 மில்லி ஆம்பியர்-மணிக்கு (mAh, செல் மொத்தமாகத் தரும் மின்சாரத்தின் அளவு) மேலேயே கொடுக்கக்கூடிய அதே செல், ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சினால் அதில் பாதிகூடத் தராமல் படுத்துவிடும். அங்கே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள்தான் சரி. அதன் மீது 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து பயப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அல்கலைன் 1.5-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும்போது இது அந்த 1.2-ஐ ஒட்டியே கடைசிவரை நிற்கும். சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும் என்ற பழைய புகாரும் 2005-இல் எனலூப் என்ற ரீசார்ஜபிள் செல் வந்த பிறகு பெரும்பாலும் போய்விட்டது, வாங்கும்போது ‘லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்’ வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவைதான் பெட்டியைக் காலி செய்யும்: டார்ச், வயர்லெஸ் மவுஸ், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எடை மிஷின். இந்த மாதிரி ஏழெட்டு சாமான்கள் ஒரு வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் இருப்பதிலேயே பெரிய பெட்டியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த அளவைத்தான் எடுப்பேன்.

அப்புறம் தேதி. என் பெட்டியின் அட்டையில் தேதியே இல்லை, செல்லின் உடம்பில்தான் பொடி எழுத்தில் மங்கலாக அடித்திருந்தார்கள், வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் டபுள் ஏக்கு ஒரு தேதி, டிரிபிள் ஏக்கு அதைவிட முன்னாடியே முடிகிற வேறொரு தேதி. நல்ல அல்கலைனுக்குப் பத்து வருடம்வரை தேதி போடுகிறார்கள், அதில் எவ்வளவு ஏற்கெனவே கிடங்கில் கழிந்துவிட்டது என்பது பிரித்த பிறகுதான் தெரிகிறது. அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள், டபுள் ஏயில் எல்ஆர்6 என்று இருந்தால் அல்கலைன், வெறும் ஆர்6 என்றால் ஜிங்க் கார்பன். ‘ஹெவி டியூட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவாக வரும் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். கடிகாரத்துக்கு அது போதும், சேர்த்து வைக்க லாயக்கில்லை. அதன் துத்தநாகக் கூடே வேதிவினையில் கரைந்துகொண்டு வருவதால் ஒழுகவும் செய்யும்.

ஒழுகுவதில் அல்கலைனும் யோக்கியமில்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடி சீல் விட்டுக்கொடுத்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியதுதான் மைனஸ் முனையில் நாம் பார்க்கிற அந்த வெள்ளைப் பொருக்கு. என் பெட்டியிலேயே பிரிக்காத உறைக்குள் அப்படி ஒரு செல் இருந்தது, நட்சத்திரம் குறைக்க இது ஒன்றே போதும். ரிமோட்டின் ஸ்பிரிங்கில் ஒட்டிவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் ஒழுக வாய்ப்பு இன்னும் அதிகம்.

பேக்கிங்கும் எரிச்சல்தான். நான்கு நான்காகப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள், இரண்டு எடுத்தால் மிச்சம் இரண்டும் அவிழ்ந்து, டிராயரில் பழைய செல்களோடு கலந்துவிடுகிறது. புதுசையும் பழசையும் சேர்த்துப் போடக் கூடாது, அதனால் பிரிக்க ஒரு வழி வேண்டும். கொஞ்ச உயரத்திலிருந்து மேஜை மேல் செங்குத்தாகப் போட்டால் புது அல்கலைன் ‘தொப்’பென்று விழும், பழசு துள்ளும். 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து பார்த்தபோது, பாதி தீர்ந்த செல்லே முழு வேகத்தில் துள்ளிவிடுகிறது என்று தெரிந்தது. ஆக, துள்ளினால் தூக்கிப் போட வேண்டியதில்லை, கடிகாரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, வெளியே எடுக்கும்போது ஈரம்தான் படியும். வெயில் படாத உலர்ந்த இடம் போதும். ஒன்பது வோல்ட் செல்லை மட்டும் முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள், சாவியோ நாணயமோ உரசினாலே சூடாகித் தீப்பிடிக்கலாம்.

இதே சாக்கில் பட்டன் செல்லையும் அட்டை அட்டையாக வாங்க நினைத்தால், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்வரை வேண்டாம். சிஆர்2032 மாதிரி பட்டன் செல்லை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதெல்லாம் தேவைப்படும்போது ஒன்றிரண்டு வாங்கினால் போதும்.