தோள் வலிக்கு ஊசி குத்திக்கொள்ளப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாங்காய் சீசன் முழுக்கக் காவேரிப்பட்டணம் மண்டியில் குனிந்து கணக்கு எழுதியதில் வலது தோள்பட்டை இறுகிவிட்டது. சட்டை மாட்டக் கை மேலே எழவில்லை. கிருஷ்ணகிரியில் 'ட்ரை நீடிலிங்' செய்கிறார்கள், மருந்தே இல்லாத ஊசி என்று மைத்துனர் சொன்னார், போனேன். பத்து முறைக்கு 6,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

சிகிச்சை முறையை நான் குறை சொல்லவில்லை. தசையில் திரண்டு நிற்கும் முடிச்சில் மெல்லிய ஊசியை இறக்கினால், தசை வெடுக்கென்று ஒருமுறை துடித்துப் பிறகு தளரும். வலியைக் குறைப்பதில் மருந்தைவிட ஊசிக்கே தனிப் பங்கு உண்டு என்று செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் 1979-லேயே எழுதியிருக்கிறார்.

என்னைக் குப்புறப் படுக்கவைத்த இளைஞரோ, வேறு நோய் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசிகள் எவர்சில்வர் தட்டில் உறையில்லாமல் கிடந்தன. "புதிதாகப் பிரிக்க மாட்டீர்களா?" என்றேன். "எல்லாம் சுத்தம் செய்ததுதான் சார்." சுத்தம் செய்தது என்றால் முன்பே யாருக்கோ குத்தியது என்றுதானே பொருள்! ஒருமுறை குத்தியதும் எறிய வேண்டிய ஊசி அது. மஞ்சள் காமாலைக் கிருமி பரவ வேறு வழியே வேண்டாம்.

மூன்றாவது ஊசி தோளின் மேல்புறத்தில் ஆழமாக இறங்கியது. நுரையீரலின் உச்சி கழுத்தடி வரை வந்து நிற்கும் இடம் அது. விவரம் தெரிந்தவர்கள் அங்கே சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்துவார்கள். இவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நேராகக் குத்தினார். எனக்கு இருமல் வந்தது.

பஸ் ஏறும்போதே, மூச்சை இழுத்தால் நெஞ்சில் சுருக்கென்றது. போன் செய்தேன். "வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். குத்திய இடம் ஓரிரு நாள் வலிப்பது உண்டுதான். மூச்சு முட்டுவது அந்தக் கணக்கில் வராது. இரவில் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள்: நுரையீரலைச் சுற்றிக் காற்று. கொஞ்சம்தான் என்பதால் குழாய் போடாமல், ஆக்சிஜன் வைத்து மூன்று நாள் கண்காணித்து அனுப்பினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, "ஊசியா? இங்கே யார் குத்தியது?" என்றார் வரவேற்பில் இருந்த பெண். ரசீதை நீட்டினேன். 'ஆலோசனைக் கட்டணம் ரூ. 6,000' என்று மட்டுமே அதில் இருந்தது. ரகம், எடை, விலை எழுதாமல் ஒரு கூடை மாங்காய்க்குக்கூடச் சீட்டுக் கொடுக்காதவன் நான்; அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.